படிப்பு மேசையும் விளக்கின் இடமும்

பஸ்ராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் யாவரும் அறிந்த ஒரு பட்டறிவைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்: கதிரவனை உற்று நோக்கினால் கண் துன்புறுகிறது. கண்ணிலிருந்து புறப்படும் கதிரே பொருளைக் காட்டுகிறது என்று அவருக்கு முன்னர்ப் பலர் கருதினர். அவரோ, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று நிறுவினார். மேசைவிளக்கு வாங்கப் புகும் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டியதும் இதுவே. ஒளி நூலின்மீது பட்டுக் கண்ணுக்கு வரவேண்டும். விளக்கிலிருந்து நேரே கண்ணுக்கு வரலாகாது.

நம் திண்டுக்கல் வட்டாரத்தில் பல வீடுகளில் கூடத்துச் சுவரின் உச்சியில் ஒரே குழல்விளக்கு. அதற்கு முதுகு காட்டி அமரும் பிள்ளையின் தலைநிழல் புத்தகத்தில் விழுகிறது. “விளக்குத்தான் எரிகிறதே!” என்பர் வீட்டார். எரிவது உண்மை, பக்கம் இருண்டு கிடப்பதும் உண்மை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டு, கைவினையால் உருவாவது. அதன் லீவரைத் தேய்க்கும் அரத்தின் நுனியில் கைநிழல் விழுந்தால் வேலை கெடும். எழுதுகோலின் நுனிக்கும் அதுவே விதி.

ஆதலின் வலக்கையால் எழுதுவோர் விளக்கை இடப்புறம் வைத்தல் வேண்டும். இங்கே நம் மாணவர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். தமிழ் இடமிருந்து வலமாகச் செல்கிறது. அரபியும் உருதுவும் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. அவற்றை எழுதுகையில் விளக்கை வலப்புறம் மாற்றவேண்டுமா? வேண்டியதில்லை. எம்மொழியை எழுதினும் வலக்கை எழுதுகோலின் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. இடப்புற ஒளியில் அதன் நிழலும் வலப்பக்கமே சாயும். தமிழில் இனி எழுதவேண்டிய வெற்றிடத்திலும், அரபியில் எழுதி முடித்த எழுத்திலும் விழும். நுனி இரண்டிலும் தெளிவாகவே இருக்கும். இடத்தை முடிவு செய்வது எழுதும் கையே, எழுத்து செல்லும் திசையன்று. இடக்கையால் எழுதுவோர்க்கு மட்டும் விளக்கு வலப்புறம்.

அடுத்தது கூச்சம். வழவழப்பான தாளில் விளக்கை நேரெதிரே வைத்தால் எழுத்துகள் வெளிறித் தோன்றும். படும் கோணத்திலேயே ஒளி மீளும் என்பது ஒளியியலின் அடிப்படை. இதனைச் சோதிக்க முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்று போதும். அதைத் திறந்த பக்கத்தின்மீது கிடத்தி, வழக்கமாக அமருமிடத்திலிருந்து நோக்குக. கண்ணாடியில் பல்பு தெரிந்தால் விளக்கை இன்னும் பக்கவாட்டில் நகர்த்துக. குர்ஆன் ஓத வைக்கும் மடிப்புப் பலகையில் நூல் சாய்ந்திருப்பதால், அங்கே தனியே சோதித்தல் நன்று.

விளக்கின் மூடியுடைய கீழ்விளிம்பு கண்மட்டத்திற்குச் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும். வளைத்துத் தாழ்த்தக்கூடிய கழுத்துள்ள விளக்கே சிறந்தது. தொலைவு பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே 5 வாட் எல்.இ.டி. பல்பு அருகில் இருந்தால் படிப்புக்குப் போதும். பழைய குண்டு பல்பின் அனல், நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் நெற்றியை வேகவைத்தது. அது ஒழிந்தமை நன்றே. ஆயினும் மலிவான எல்.இ.டி. சில நொடிக்கு 100 முறை துடிக்கும். ஒளியில் பென்சிலை விரைந்து அசைத்தால் துண்டு துண்டாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குக.

விடுதியில் அறைத்தோழர் உறங்க, முழு இருளில் மேசைவிளக்கை மட்டும் எரிப்பது வழக்கம். ஒளிர்ந்த பக்கத்துக்கும் கரிய சுவருக்கும் இடையே கண் அலைந்து சோர்கிறது. ஒரு சிறு இரவுவிளக்கேனும் எரியட்டும். மங்கல் ஒளியில் படித்தால் பார்வை போய்விடும் என்று பெரியவர்கள் அஞ்சுவர். சோர்வும் தலைவலியும் வருமேயன்றிக் கண் நிலையாகக் கெடுவதில்லை என்பது மருத்துவர் கருத்து. ஆயின் தேர்வுக்கு முந்திய இரவில் அந்தத் தலைவலியே ஒரு பாடத்தை விழுங்கிவிடும்.