ஏலத்தில் கேட்ட விலையும் கணக்கில் நிற்கும் விலையும்

ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வரும் நமக்கு மோட்டார் கார் ஏலம் எதற்கு என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். சரக்குதான் வேறு, கணக்கு ஒன்றே.

இத்தாலியின் ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை '250 ஜிடிஓ' என்ற பந்தயக் காரைச் செய்தது. மொத்தமே 36 வண்டிகள். அமெரிக்காவில் புதிதாக விற்ற விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்துக்குப் பழசானபின் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியவையும் உண்டு.

2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் போன்ஹாம்ஸ் ஏலக் கம்பெனி அப்படி ஒரு வண்டியை ஏலம் விட்டது. சுத்தியல் தட்டியது 3 கோடியே 46 லட்சத்து 50 ஆயிரம் டாலரில். பத்திரிகைகளில் வந்ததோ 3 கோடியே 81 லட்சத்து 15 ஆயிரம். நடுவில் உள்ள 34 லட்சத்து 65 ஆயிரம், வாங்குபவர் மேல் ஏலக் கம்பெனி போடும் 10 சதவீதக் கமிஷன். பேப்பர் விலையைப் பார்த்து 'நம் சரக்கும் இவ்வளவு பெறும்' என்று இருப்புக் கணக்கு எழுதுகிறவர் இங்கேயே சறுக்குகிறார்.

பெரிய சறுக்கல் 1990-இல் வந்தது. 1988 ஆகஸ்டில் அதிபர் என்ஸோ ஃபெராரி காலமானார். ஜப்பானில் அப்போது மலிவு வட்டிக்குப் பணம் புரண்டது. ஓட்டுவதற்கல்ல, மறுபடி விற்பதற்கென்றே பலர் வாங்கினார்கள். இந்த வண்டி ஒரு கோடி டாலரைத் தாண்டியது. டோக்கியோ பங்குச் சந்தை சரிந்ததும் கேட்க ஆளில்லை. 1994 வாக்கில் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. சொந்தப் பணம் போட்டவர் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். கடன் வாங்கியவர் வந்த விலைக்குக் கொடுத்தார்.

நாமும் ஒரு வருஷம் கடன் பணத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கினோம். இன்னும் ஏறும் என்ற நினைப்பு. கடைசியில் வட்டி கட்டுவதற்காகவே பாதி விலைக்குத் தள்ளினோம். கார்க்காரராவது இருபது வருஷம் பொறுக்கலாம். பச்சை நிறம் வெளுத்த ஏலக்காயை யார் தொடுவார்?

2023 நவம்பரில் நியூயார்க்கில் ஆர்எம் சோதபிஸ் ஏலத்துக்கு இதே வகையில் 1962-ஆம் வருஷத்து வண்டி ஒன்று வந்தது. 6 கோடி டாலருக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டார்கள். கமிஷன் சேர்த்தே 5 கோடியே 17 லட்சத்துக்குத்தான் போயிற்று. விற்றவர் அதை 1985-இல் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். மதிப்பீட்டுக்கு 80 லட்சத்துக்கு மேல் குறைந்தும் கொடுத்துவிட்டார்.