குப்பையைப் பிரிப்போம், நோயைத் தவிர்ப்போம்

குப்பையைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் கடமை முடிந்தது என நாம் எண்ணுகிறோம். மலேசியாவில் வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு உணவுக் கழிவாகும். அது மற்றவற்றுடன் கலந்து அழுகும்போது கசியும் நீர் நிலத்தையும் ஓடையையும் கெடுக்கிறது. விலை போகக்கூடிய தாளும் டின்னும் வீணாகின்றன.

இதனாலேயே பகாங், ஜொகூர், கெடா, நெகிரி செம்பிலான் முதலிய மாநிலங்களில், வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது.

நகரத்தில் குப்பை லாரி வாசலுக்கே வருகிறது. உள்ளடங்கிய தோட்டங்கள் பலவற்றுக்கு வருவதில்லை. ஆயினும், நகரத்தார் பலருக்கு இல்லாத நிலம் நம் லயத்தின் பின்புறம் உண்டு. கிணற்றுக்கும் கால்வாய்க்கும் எட்டத்தில் முழங்கால் ஆழக் குழி வெட்டி, காய்கறித் தோல், மீந்த சோறு, உலர்ந்த இலை ஆகியவற்றை இட்டு, அன்றன்றே மண்ணால் மூட வேண்டும். சில மாதங்களில் அது கீரைப் பாத்திக்கு உரமாகும். தாள், டின், பிளாஸ்டிக் போத்தல் ஆகியவற்றைத் தனித்தனிச் சாக்குகளில் சேர்த்தால், பழைய சாமான் வாங்குவோர் விலை கொடுப்பர். பிளாஸ்டிக்கை எரித்தல் ஆகாது. அதன் புகை நஞ்சு.

எறிந்த டின்னிலும், பயன்படாத பால் மங்கிலும் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதிய கொசுக்கள் பறக்கத் தொடங்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புபவை அவையே. ஆதலால் வாரத்தில் ஒரு நாள், லயத்தைச் சுற்றிக் கிடக்கும் கலங்களைப் பொறுக்கி, நீரைக் கொட்டிக் கவிழ்ப்போம்.

எஞ்சிய குப்பைக்குத் தனி இடமும், அதனை அகற்ற வண்டியும் ஒதுக்குமாறு தோட்ட நிருவாகத்தை ஒன்றுகூடிக் கேட்போம். நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்கும்போது நம் சொல்லுக்கு வலிமை மிகும்.