பரோட்டா கடைப் பையனுக்கு எது நல்லது?

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. களப்பணிக்குப் போன பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பீரியடிலேயே தூங்கி விழுகிறான். எல்லாரும் அவனைத் திட்டிவிட்டுப் போக, நீ பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்திருக்கிறாய். எண்ணெய் தெறித்த புள்ளிகள், சில ஆறியும் சில நீர் கோத்தும். அதைப் பார்த்த கண்ணுக்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

சாயங்காலம் ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை பரோட்டா கடையில் வேலை, நாளுக்கு 150 ரூபாய். சித்தாள் வேலை பார்த்த அம்மா சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில். அப்பா விட்டுப் போய்விட்டார். சின்னத் தங்கை ஒருத்தி. "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்று அவன் கெஞ்ச, நீயும் வாக்குக் கொடுத்துவிட்டாய்.

பயன்வாதப்படி மூன்று வயிறு நிறைகிறது, அதனால் பேசாமல் இரு. தத்துவஞானி கான்ட்டின்படி கொடுத்த வாக்கை மீறாதே. சட்டப்படி உடனே புகார் கொடு. இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எந்தக் கோட்பாடு சரி என்று கேட்கிறாய். கோட்பாடுகள் மேல் குற்றம் இல்லை, கண்ணு. புகார் கொடுப்பது அல்லது வாயை மூடிக்கொள்வது என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு அவற்றிடம் போனாய். அவை அந்த இரண்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டன.

உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-ல் எழுதிய நூலில் ஜேக், ஏமி என்று இரண்டு பதினொரு வயதுப் பிள்ளைகள் வருவார்கள். உளவியலாளர் கோல்பர்க்கின் பிரபலமான கேள்வியை அவர்களிடம் கேட்கிறார்கள்: மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரர் அநியாய விலை சொல்கிறார், புருஷன் திருடலாமா? காசைவிட உயிர் பெரிது, திருடலாம் என்கிறான் ஜேக். ஏமியோ, திருடவும் கூடாது, அவள் சாகவும் கூடாது, கடன் வாங்கிப் பார்க்கலாம், அந்த மருந்துக்காரரிடம் உட்கார்ந்து பேசலாம் என்கிறாள். திருடி ஜெயிலுக்குப் போய்விட்டால், நாளைக்கு அவளுக்கு மறுபடி முடியாமல் போகும்போது யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கிறாள். கோல்பர்க்கின் அளவுகோல் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்தான் தந்தது. ஆனால் அந்த வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்தவள் அவள்தான். நீயும் அங்கிருந்து தொடங்கு.

பயன்வாதத்தைக் கையில் எடுத்தால் விசாரித்துவிட்டுக் கணக்குப் போடு. வாரம் ஒரு நாள் லீவு போக அவன் சம்பளம் மாதம் 3,900 ரூபாய். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைக்கு நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். தகப்பன் கைவிட்ட, தாய் முடங்கிய வீடு என்பதால் கேட்க முழு நியாயம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவரா என்று கேட்டாயா? பதிந்திருந்தால் விபத்துக்கு உதவித்தொகை உண்டு. இது எதுவும் தெரியாமல் "மூன்று வயிறு நிறைகிறது" என்று எழுதியது கணக்கே இல்லை. பிள்ளையின் தூக்கமும் படிப்பும் அதில் செலவாகச் சேரவே இல்லை, பார்.

அம்மாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோருக்கு முதல் முறை தண்டனை கிடையாது. வேலைக்கு வைத்தவருக்குத்தான் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நம்ம சொந்தக்காரப் பையன்" என்று கடைக்காரர் சொன்னாராமே, அது செல்லாது. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், இவ்வளவுதான் குடும்பத் தொழிலுக்கான விலக்கில் சட்டம் சொல்லும் குடும்பம். தூரத்து மாமா அதில் வரமாட்டார்.

சிவகாசியில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் யோசித்திருக்கிறது. முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பதில் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் அடுப்பு எப்படி எரியும் என்று நீதிபதிகளே கேட்டிருக்கும்போது நீ கேட்காமல் விடலாமா?

வாக்கு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவன் முதுகுக்குப் பின்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடாதே. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்பதுதான் கான்ட் சொன்னதில் சாரம். கடைக்காரர் அவனைக் கருவியாக்கியிருக்கிறார். அவனுக்குத் தெரியாமல் அவனை ஒரு கேஸ் ஆக்கினால் நீயும் அதையே செய்கிறாய். நேரில் போய்ச் சொல்: "வாக்குக் கொடுத்தேன், ஆனா இதை என்னால மூடி வைக்க முடியாது. என்ன செய்யப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்." அவனுக்கு எதில் பயம் என்று கேள். ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்பதாக இருக்கலாம். இளைஞர் நீதிச் சட்டப்படி அது கடைசி வழிதான் என்று அவனுக்குப் புரியும்படி சொல். அழுவான், கோபப்படுவான், உன்னோடு பேசாமலும் இருப்பான். அதற்காகப் பின்வாங்காதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டைத் தூக்கிச் சுமக்க முன்வருவதை அவன் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கைப்புண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே காட்டு. அதற்கு எந்தக் கோட்பாடும் வேண்டாம்.

தலைமையாசிரியரையும் உன் மேற்பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே அந்த அம்மாவைப் போய்ப் பார். ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, இருந்தால் வாரிய அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பு, விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். பையன் சொன்னதை உன் வார்த்தையில் மாற்றாமல் அவன் சொன்னபடியே எழுதி அனுப்பு. அதையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை