எக்ஸ்-மென் ஜப்பானுக்குச் சென்ற கதை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

படக்கதை என்றாலே பொழுதை வீணாக்கும் பொருள் என்று எண்ணும் பெரியோர் பலர் உண்டு. ஆயினும், ஒரு நாட்டில் பிறந்த படக்கதையை மற்றொரு நாட்டார் எடுத்துத் தம் முறையில் சொல்லும்போது எவையெவை மாறுகின்றன என்று கவனித்தால், அதுவும் படிப்பாகவே அமைகிறது. அமெரிக்காவில் பிறந்து, 2011ஆம் ஆண்டில் ஜப்பானியச் சித்திரத் தொடராக உருவெடுத்த ‘எக்ஸ்-மென்’ கதையை அவ்வாறே இங்கு ஆராய விரும்புகிறேன்.

1963ஆம் ஆண்டில் ஸ்டான் லீ என்பவர் எழுத, ஜாக் கிர்பி என்பவர் வரைய, மார்வெல் நிறுவனத்தார் இப்படக்கதையை வெளியிட்டனர். இதில் வரும் வீரர்கள் மருந்துண்டோ இயந்திரம் அணிந்தோ வலிமை பெற்றவர்கள் அல்லர், பிறவியிலேயே வேறுபட்டவர்கள். அதனாலேயே உலகம் அவர்களைக் கண்டு அஞ்சுகிறது, வெறுக்கிறது. நாற்காலி வண்டியில் அமர்ந்தபடியே பிறர் மனத்தை அறியவல்ல பேராசிரியர் சேவியர், நியூயார்க் மாநிலத்திலுள்ள தம் மாளிகையைப் பள்ளியாக்கி இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே இது வீரக்கதை மட்டுமன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் கதையுமாகும்.

வியப்பு என்னவெனில், அதே 1963ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் ஒசாமு தெசுகா படைத்த ‘அஸ்ட்ரோ பாய்’ என்னும் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அவன் சாயலில் ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து ஒதுக்கிவிடுகிறார். வாரந்தோறும் ஒரு பகுதியை முடித்தாக வேண்டியிருந்தது, பணமோ குறைவு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையும் தனித்தனியே வரைய இயலாமையால், தெசுகாவின் குழுவினர் ஒரே ஓவியத்தைப் பல படங்களுக்கு நிறுத்திவைத்தும், உதட்டையோ கண்ணையோ மட்டும் அசைத்தும் வேலையைச் சுருக்கினர். வறுமையில் பிறந்த இம்முறை நாளடைவில் ஓர் அழகாகவே ஆகிவிட்டது. அசையாத முகத்தை நெடுநேரம் காணும்போது, அந்த மனத்தில் என்ன ஓடுகிறது என்று நாம் தேடத் தொடங்குகிறோம் அல்லவா? தெசுகாவின் முஷி நிறுவனத்திலிருந்து வெளிவந்த சிலர் 1972இல் ‘மேட்ஹவுஸ்’ என்னும் நிறுவனத்தை அமைத்தனர். எக்ஸ்-மென் தொடரைச் செய்தது இந்நிறுவனமே.

மார்வெல் கதைகளைக் கொண்டு 2010, 2011 ஆண்டுகளில் மேட்ஹவுஸ் நான்கு தொடர்களைத் தயாரித்தது. ஒவ்வொன்றும் 12 பகுதிகள். ஆங்கில எழுத்தாளர் வாரன் எல்லிஸ் கதைக்கரு அமைத்தார். மற்ற மூன்றான ‘அயர்ன் மேன்’, ‘வுல்வரின்’, ‘பிளேட்’ ஆகியவற்றில் சண்டையே மிகுதி. அவற்றை இங்கு விட்டுவிடலாம்.

எக்ஸ்-மென் தொடரோ ஒரு மரணத்தில் தொடங்குகிறது. ஜீன் கிரே என்பவள் தன் ஆற்றலைத் தானே அடக்க இயலாமல் தோழர் கண்முன் மடிகிறாள். அமெரிக்கப் படக்கதையில் 17 ஆண்டுகள் சென்றபின், 1980இல் வந்த பெருந்துயரம் இது. ஜப்பானியர் அதை வாசற்படியாகவே வைத்துவிட்டனர். குழு கலைகிறது. அவளை நேசித்த சைக்ளாப்ஸ் ஓராண்டு துயரில் மூழ்கிக் கிடக்கிறான். பிறகுதான் சேவியர் அனைவரையும் அழைத்து, ஜப்பானின் வடகிழக்கிலுள்ள தோஹோக்குப் பகுதியில் ஒரு சிறுமியைக் காணவில்லை, தேடுவோம் என்கிறார்.

அச்சிறுமியின் பெயர் ஹிசாகோ இச்சிகி. ஒளியால் ஆன கவசம் அவள் உடலைச் சூழ்ந்துகொள்ளும். அதுவே அவளது ஆற்றல். 2004இல் அமெரிக்கப் படக்கதையில் முதன்முதல் தோன்றியபோது அவள் சேவியரின் பள்ளிக்கு வந்துசேர்ந்த ஜப்பானிய மாணவி, பலருள் ஒருத்தி. தொடரிலோ அமெரிக்கர்கள் அவளுடைய நாட்டுக்கு வருகிறார்கள். விருந்தாளியாய் இருந்தவள் வீட்டுக்காரி ஆகிவிட்டாள். புகழ்பெற்ற வீரர்கள் அன்னியராய் நிற்க, பள்ளிச் சிறுமி ஒருத்தியின் அச்சமும் துணிவும் கதையின் நடுவிடத்துக்கு வருகின்றன. இம்மாற்றமே தொடரின் சிறப்பு என்பது என் கருத்து.

மற்றொரு மாற்றம் இன்னும் ஆழமானது. 1979ஆம் ஆண்டுப் படக்கதையில் மோய்ரா என்னும் பெண் விஞ்ஞானி வருகிறாள். உலகையே உருமாற்றவல்ல தன் மகனை அவள் ஸ்காட்லாந்துத் தீவொன்றில் பூட்டி வைத்திருந்தாள். தொடரில் வரும் யூய் சசாகி அவளை நினைவூட்டுகிறாள். இவளும் விஞ்ஞானி, ஆற்றலுள்ள பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி நடத்துபவள், அவர்கள் உடலை உருக்குலைக்கும் நோய்க்கு மருந்து தேடுபவள். இவளுடைய மகன் தாக்கியோவும் அத்தகைய ஆற்றல் படைத்தவன். மோய்ராவின் மகனுக்குத் தந்தை வேறொருவர். தாக்கியோவின் தந்தையோ சேவியரே! ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தந்தையாய் நின்றவர் தம் மகனுக்குத் தந்தையாய் இல்லை. பாரமெல்லாம் தாயின் தலையில் விழுந்தது. மகனைக் காக்க எண்ணி அவள் தவறான வழிகளிலும் இறங்குகிறாள். எனினும் அவளைக் கொடியவள் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. பிள்ளையிடம் உள்ள குறையை வெளியே சொல்ல அஞ்சி மறைக்கும் தாய்மார் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர்களே. முடிவை நான் சொல்லப்போவதில்லை, பார்த்து அறிக.

குறைகளும் உண்டு. பெண்களுக்கு, குறிப்பாக எம்மா ஃப்ராஸ்டுக்கு வரைந்துள்ள உடைகள் கதைக்குத் தேவையற்றவை. அறிவும் வலிமையும் உள்ள பெண்ணை அப்படித்தான் காட்ட வேண்டுமா? மேலும், ஆற்றலுள்ளோரின் உறுப்புகளை அறுத்துத் தம் உடலில் பொருத்திக்கொள்ளும் ‘யூ-மென்’ கூட்டத்தாரின் காட்சிகள் கொடூரமானவை. சிறு வகுப்புத் தங்கையர் இத்தொடரைப் பார்க்க வேண்டாம்.

இத்தொடர் ஜப்பானில் 2011 ஏப்ரல் 1ஆம் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், மார்ச் 11ஆம் நாள், அதே தோஹோக்குக் கடற்கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. இறந்தோர் 15,000 பேருக்கும் மேல், காணாமற்போனோர் இரண்டாயிரம் பேருக்கும் மேல். கதையோ அதற்கு முன்பே எழுதப்பட்டு விட்டது. காணாமற்போன ஒரு சிறுமியைத் தேடி, தொலைதூரத்து மனிதர் சிலர் தோஹோக்குக்கு வரும் அக்காட்சியை, அந்த ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய வீடுகளில் அமர்ந்து பார்த்தவர்கள் எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள்!