பிறர் வீட்டு மௌனத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலையில் ரமணாசிரமம், குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி சாந்திவனம், கொடைக்கானல் பெருமாள்மலையில் ஜென் தியானத்துக்கான போதி ஜென்டோ, சென்னைக்கு வெளியே விபாசனா மையம், காயல்பட்டினத்தில் திக்ரு மஜ்லிஸ். ஒரே ராத்திரி பஸ் பயணத்தில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இத்தனை மரபுகள் நமக்கு வாய்த்திருக்கின்றன. பிறந்த மதத்தின் வாசலைத் தாண்டி இங்கெல்லாம் போய் உட்காருகிறவர்களை மனமார வரவேற்கிறேன். இந்த மரபுகள் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பயிற்சியில் என்ன கூடாது என்று சொல்லும்போது மட்டும் வியக்கும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. அதனால் செய்யக்கூடாதவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்யக்கூடாதவை

வியாதிக்கு மருந்தாக நினைத்துப் போகாதீர்கள். இந்தியாவுக்கு விபாசனாவை 1969-இல் மீண்டும் கொண்டுவந்த எஸ்.என். கோயங்கா, மாண்டலேயில் பிறந்த வியாபாரி, பக்தியுள்ள இந்துக் குடும்பத்துப் பிள்ளை. தீராத ஒற்றைத் தலைவலியோடு அவர் ஊ பா கின்னிடம் போனார். பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த அந்த ஆசிரியர், தலைவலிக்காக வருவதானால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். மனம் தெளிய வேண்டும் என்று வருவதானால் வரலாம், நோய் தீர்ந்தால் அது உபரி என்பது அவர் நிலை. இன்று தியானம் விற்கிற பலர் இதை அப்படியே தலைகீழாகச் சொல்கிறார்கள்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு எந்த முகாமுக்கும் போகாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். நீண்ட நேரத் தியானம் எல்லாருக்கும் அமைதியைத்தான் தரும் என்று எந்தப் பழைய மரபும் சொன்னதில்லை. ஜப்பானிய ஜென் ஆசான் ஹகுயின் இளம் வயதில் கடும் பயிற்சியால் உடம்பும் மனமும் கெட்டுத் தவித்ததைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். அதற்கு ‘ஜென் நோய்’ என்றே பெயர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஜேரட் லிண்டாலும் வில்லபி பிரிட்டனும் மேலைநாட்டு பௌத்தப் பயிற்சியாளர்களைப் பேட்டி கண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், காரணமில்லாத பயம், தூக்கமின்மை, ‘நான்’ என்ற உணர்வே கழன்றுபோவது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. பத்து நாள் முகாமின் நடுவில் தூக்கம் அடியோடு போனாலோ, யாரோ பேசுவதுபோல் கேட்டாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். எழுந்துபோய் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இந்த இடத்தில் யாராவது ரமணரைச் சொல்வார்கள். 1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில் பூச்சிகள் தொடையை அரிப்பதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் வேறு சிலரும் இருக்கிறார்கள். கல்லெறிந்த பையன்களைத் தடுத்த சேஷாத்ரி சுவாமிகள் இருக்கிறார். ரமணரை வெளியே தூக்கிவந்தவர்களும் வாயில் உணவு ஊட்டியவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கைகள் இல்லாவிட்டால் அந்த உடம்பு பிழைத்திருக்காது. உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளாமல் தனி அறையில் உபவாசமும் விடிய விடியத் தியானமும் தொடங்காதீர்கள்.

ஒரு மரபின் பயிற்சிக்குள் இன்னொன்றைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகாதீர்கள். விபாசனாவில் பத்து நாளும் மந்திரம், ஜெபமாலை, விளக்கு, விரதம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ‘சஷ்டி கவசம் சொல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லையே’ என்று சிலருக்கு நெஞ்சு பதறும். பதறுவது நியாயமானதே. அப்படியானால் போகாமல் இருப்பது நல்லது. ஒப்புக்கொண்டு போய்விட்டுப் போர்வைக்குள் மாலை உருட்டினால் இரண்டுக்கும் துரோகம்.

இறைவன் திருநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரை வீடியோ பார்த்து எண்ணிக்கை வைத்துச் செய்யாதீர்கள். காயல்பட்டினத்தில் காதிரிய்யா என்ற சூஃபி தரீக்காவினர் கூடுவதற்கு மஹ்லறா இருக்கிறது; ஷாதுலிய்யாவினருக்கு ஸாவியா இருக்கிறது. அங்கே எந்தத் திருநாமத்தை, எத்தனை முறை, எந்த வேளையில் ஓதுவது என்பதை ஷெய்கு ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். வேடிக்கை பார்க்கிறவராகப் போக வேண்டாம். தெரிந்தவர் மூலம் அனுமதி கேளுங்கள், இல்லை என்றால் மதித்துத் திரும்புங்கள்.

கண்டதைப் பரப்பாதீர்கள். ஒளி, வாசனை, யாரோ தலையைத் தொட்டது, உடம்பு லேசாகி மிதந்தது எல்லாம் வரும், போகும். ஜென்னில் இவற்றை ‘மக்யோ’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். பதஞ்சலி சித்திகளைச் சமாதிக்கு இடையூறு என்கிறார். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் புனித சிலுவை யோவான், காட்சிகளைப் பற்றிக்கொள்ளாதே என்று தம் மடத்தாருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். ஒருவரையொருவர் படித்திராத இம்மூன்று மரபினரும் ஒரே எச்சரிக்கையைத் தருகிறார்கள். ஆசிரியர் ஒருவரிடம் சொல்லுங்கள், போதும்.

பணமும் ரகசியமும் சேர்ந்து வரும் இடத்தில் கால் வைக்காதீர்கள். ‘இதை வீட்டில் சொல்லாதே’ என்று ஒரு குரு சொன்னால், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அன்றே கிளம்பிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

செய்ய வேண்டியவை

யாரிடமிருந்து பெற்றீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜான் மெயின் என்ற ஆங்கிலேயர் 1950-களில் மலாயாவில் அரசுப் பணியில் இருந்தபோது கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவைச் சந்தித்தார். கிறிஸ்தவனான நான் தியானம் கற்கலாமா என்று கேட்டார். தாராளமாக, உங்கள் மரபின் சொல்லையே மந்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், காலையும் மாலையும் அரைமணி நேரம் உட்காருங்கள் என்றார் சுவாமி. பிறகு ஜான் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியானபோது, இது நம் வழியல்ல, விட்டுவிடு என்றார்கள்; விட்டார். பல வருஷம் கழித்து, ஆதிகாலக் கிறிஸ்தவத் துறவி ஜான் காசியனின் எழுத்தில் அதே முறையைக் கண்டு திரும்ப எடுத்தார். ‘மாரநாதா’ என்ற சொல்லைக்கொண்டு அவர் பலருக்கும் கற்பித்தபோது, முதலில் காட்டித்தந்தவர் ஓர் இந்துத் துறவி என்பதை மறைக்கவே இல்லை. கேட்டு வாங்கியது, பணிந்து விட்டது, நன்றியோடு சொன்னது ஆகிய மூன்றுக்காகவும் அவரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வேற்றுமையை வேற்றுமையாகவே பாருங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். 1950-இல் காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கிய இரு பிரெஞ்சுப் பாதிரியார்களில் ஒருவரான அபிஷிக்தானந்தா, அதற்கு முந்தைய வருஷம் ரமணரைத் தரிசித்தவர். அருணாசலக் குகைகளில் தங்கியவர். திருப்பலியையும் விடவில்லை, உபநிடதத்தையும் விடவில்லை. இரண்டும் தமக்குள் இழுத்த இழுப்பை 1973-இல் இந்தூரில் இறக்கும்வரை சுமந்தார். இன்றும் சாந்திவனத்து வழிபாட்டில் காலையில் சந்தனமும் மதியம் குங்குமமும் மாலையில் விபூதியும் தருவார்கள், தமிழ் நாமாவளி பாடுவார்கள். இந்துக்களிலும் கத்தோலிக்கரிலும் இதைக் கண்டு வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தமும் தெரிந்தே அங்கே நெற்றியை நீட்டுங்கள்.

சின்னச் சின்ன விதிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் சுவரோரம் காலியாக இருந்தால் முதியவருக்கு விட்டுவிடுங்கள். போனை அணைத்துவிட்டே உள்ளே போங்கள். அங்கே மலைமேல் உள்ள விரூபாட்ச குகையில் காற்று அசையாது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டினால் சத்தமில்லாமல் வெளியே வந்து உட்காரலாம். ஜென் கூடத்தில் இருபத்தைந்து நிமிஷ அமர்வு தொடங்கிய பிறகு உள்ளே நுழையாதீர்கள். விபாசனாவில் மாலை ஐந்து மணிக்குப் பொரியும் பழமும் டீயும்தான் புதியவர்களுக்கு. பையில் பிஸ்கட் ஒளித்துப் போக வேண்டாம்.

எங்கும் போக முடியாதவர்கள் சமணர்களின் சாமாயிகத்தைப் பாருங்கள். நாற்பத்தெட்டு நிமிஷம் எந்த உயிருக்கும் தீங்கு நினையாமல், சமநிலையில் ஓரிடத்தில் இருப்பதாக விரதம் ஏற்று உட்காருவது. இல்லறத்தாருக்காகவே வகுத்தது. குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான அளவை நான் கண்டதில்லை.

திரும்பி வந்த பிறகு

அந்த வாரமே வேலையை விடுவது, கல்யாணத்தை நிறுத்துவது, நகையைத் தானம் செய்வது போன்ற முடிவுகள் வேண்டாம். மகன் பாட்டுக் கேட்டால் ‘சத்தம்’ என்று சிடுசிடுக்காதீர்கள். பிறரைக் கவனிப்பதே முதலில்: வள்ளலார் ஞான சபை கட்டுவதற்கு முன்பே 1867-இல் வடலூரில் சோறு போடத் தருமசாலை தொடங்கிவிட்டார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத பத்து நாளும் குழந்தைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்ட ஒருவர் வீட்டில் இருக்கிறார். அடுத்த முகாமுக்கு அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பத்து நாளும் சமையலறை உங்கள் பொறுப்பு.