கூரைக்கு யார் காவல்?
தேவாலயக் காரீயத் திருட்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் கூரைத் திருட்டை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மழைதான். ஞாயிறு காலை ஆராதனைக்குக் கதவைத் திறக்கிறார்கள். தரை நனைந்திருக்கிறது. ஆர்கன் மேல் நீர் சொட்டுகிறது. அண்ணாந்து பார்த்தால் பலகை இடுக்கு வழியாக வானம் தெரிகிறது. மேலே தலைமுறை தலைமுறையாகக் கிடந்த காரீயத் தகட்டை என்றைக்கோ ஓர் இரவில் யாரோ பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நாம் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். இது காரீயம், கனத்த உலோகம், கையால் வளைக்கக்கூடிய அளவுக்கு மென்மையானது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தில் சரிவு குறைந்த கூரைகள் பரவின. அப்படிப்பட்ட கூரையில் ஓடு வேய்ந்தால் மழைநீர் உள்ளே புகும். தகடாக விரித்த காரீயம் புகவிடாது. நல்ல தொழிலாளி கையில் நூறாண்டுக்கு மேலும் உழைக்கும். அந்தக் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் அதே சுவர் இன்று திருடனுக்கு மறைப்பாகிவிட்டது. மேலே நாலு பேர் நின்று வேலை செய்தாலும் சாலையில் போகிறவர் கண்ணில் படாது. தகடு போன பிறகும் படாது.

இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 12,500 பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டவை. பெரும்பாலானவற்றைக் காப்பது சபை மக்களின் காணிக்கையும் ஓய்வுபெற்ற சிலருடைய உழைப்பும்தான். கூரையைக் காப்பது பற்றி அவர்களிடையே புழங்கும் சில நம்பிக்கைகள், தெரியாமலேயே திருடனுக்கு உதவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "பழைய காரீயம்தானே, என்ன பெரிய நஷ்டம்?"

உண்மை: திருடனுக்குக் கிடைப்பதையும் தேவாலயம் இழப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உலகச் சந்தையில் ஒரு டன் காரீயம் கடந்த பல ஆண்டுகளாக 2,000 டாலரை ஒட்டியே நிற்கிறது. காயலான் கடையில் அதற்கும் குறைவுதான் கிடைக்கும். பெட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தின் ஹௌட்டன் கான்குவெஸ்ட் என்ற ஊரில், அனைத்துப் புனிதர் தேவாலயத்திலிருந்து 2018இல் சுமார் 20 டன் காரீயம் போனது. சந்தை விலைப்படி பார்த்தால் 40,000 டாலர் மதிப்பு. கூரையைத் திரும்பப் போட ஆகும் செலவோ ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டு. ஒரு சிற்றூர் சபை அந்தப் பணத்துக்கு எங்கே போகும்?

மழை புகுந்தால் இழப்பு கூரையோடு நிற்பதில்லை. ஓக் உத்தரம் ஊறும், சுண்ணாம்புப் பூச்சு உதிரும், சுவரோவியம் பூஞ்சை பிடிக்கும். கேம்பிரிட்ஜ்ஷரின் மார்ச் நகரில் உள்ள புனித வென்ட்ரெடா தேவாலயத்தின் மரக் கூரையில் ஏறத்தாழ 120 தேவதூதர்கள் சிறகு விரித்து நிற்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தின் இப்படிப்பட்ட மரச் சிற்பங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்குக் காரணம், மேலிருந்த கூரை ஒழுகாததுதான்.

தகடே ஓர் ஆவணமாகவும் இருக்கிறது. பழைய தேவாலயக் கூரையில் ஏறியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: காரீயத்தின் மேல் ஒரு சப்பாத்தின் வெளிக்கோடு, அதற்குள் இரண்டு எழுத்து, ஓர் ஆண்டு. தகடு வேய்ந்த தொழிலாளியோ, மேலே ஏறிய ஊர்க்காரரோ தன் காலை வைத்துச் சுற்றிலும் கத்தியால் கீறியது. குதிகாலின் வடிவமும் முன்பக்கத்தின் சதுர வெட்டும் அந்தக் காலத்துச் சப்பாத்து எப்படி இருந்தது என்று சொல்லும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். உருக்கி வார்த்தபின் இவை எதுவும் திரும்பி வராது.

நம்பிக்கை 2: "அக்கம்பக்கத்துப் பொடியன்கள் செய்யும் வேலை."

உண்மை: ஒரு சதுர மீட்டர் கூரைத் தகடு 35 கிலோவுக்கு மேல் இருக்கும். டன் கணக்கில் இறக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வாங்குவதற்கு ஒருவன் வேண்டும். 2018 முதல் 2020 வரை இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் 20 தேவாலயங்களின் கூரையை உரித்த ஒரு கும்பலுக்கு, 2021 ஜனவரியில் லிங்கன் கிரவுன் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அவர்கள் விளைவித்த சேதம் சுமார் 20 லட்சம் பவுண்டு. ஊருக்குள் ஒரு கண்டிப்பான வார்த்தை சொன்னால் அடங்கிவிடும் குறும்பு என்று இதை நினைக்கும் சபை, தொழில்முறைக் கும்பலுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

நம்பிக்கை 3: "சட்டம் வந்துவிட்டது, இனி திருடியதை விற்க முடியாது."

உண்மை: சட்டம் உண்மையிலேயே பலன் தந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது 2012 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. 2013ஆம் ஆண்டின் பழைய உலோக வணிகர் சட்டம், உரிமம் இல்லாமல் கடை நடத்தக் கூடாது, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. திருட்டும் கணிசமாகக் குறைந்தது. ஆனால் சட்டத்தை மதிக்காத கடை ஒன்று இருந்தாலே கும்பலுக்குப் போதும். 20 தேவாலயங்களைச் சூறையாடிய கும்பல் இறங்கியதும் இந்தச் சட்டம் வந்து ஐந்தாண்டு ஆனபிறகுதான்.

நம்பிக்கை 4: "அலாரம் அடித்தால் போலீஸ் வந்துவிடும்."

உண்மை: இதைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை என்பேன். கூரை அலாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கைப்பிடிச் சுவர் ஓரமாகவும் ஏறக்கூடிய இடங்களிலும் சிறு சென்சார்களைப் பொருத்துகிறார்கள். மனித உடலின் வெப்பம் அசைவதை அவை உணர்கின்றன. உணர்ந்ததும் பளீரென்ற விளக்கு மின்னுகிறது, சைரன் அலறுகிறது. சில கருவிகள் உரத்த மனிதக் குரலில், கண்காணிக்கப்படுகிறாய், இறங்கிப் போ என்று எச்சரிக்கின்றன. அதே நேரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி, கைபேசி வலைப்பின்னல் வழியாகக் கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. மையம் சாவி வைத்திருக்கும் சபையாரை அழைக்கிறது.

போலீஸைப் பொறுத்தவரை, முறைப்படி சான்று பெற்ற நிறுவனம் பொருத்திப் பதிவு செய்த அலாரத்துக்குத்தான் நேரடியாக ஆள் அனுப்புவார்கள். அதுவும் ஒரு சென்சார் காட்டியதை இன்னொன்றும் உறுதிப்படுத்தினால்தான். கண்காணிப்பு மையத்தோடு இணைக்காத வெறும் சைரன், வயல்வெளி நடுவே நிற்கும் தேவாலயத்தில் ஆந்தைகளை எழுப்புவதற்குத்தான் உதவும்.

சைரன் திருடனைத் திடுக்கிட வைக்கிறது. தகடு முழுவதையும் உரிக்கத் தேவையான நேரத்தை அவனிடமிருந்து பறிக்கிறது. அந்த அளவில் அது பெரிய உதவி. அதன்பிறகு எழுந்து வர ஆள் வேண்டும். வருபவரும் தனியாக வரக் கூடாது, கூரையில் ஏறக் கூடாது, திருடரை மறிக்கக் கூடாது. தொலைவில் நின்று வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர எண்ணை அழைத்தாலே போதும்.

நம்பிக்கை 5: "புறா உட்கார்ந்தாலும் அடிக்கும், ஊர்க்காரர் தூக்கம் போவதுதான் மிச்சம்."

உண்மை: பொருத்தமில்லாத கருவியை வைத்தால் இந்தக் குறை நியாயம்தான். வீட்டு அறைக்குள் வைக்கும் சென்சாரைக் கூரையில் வைத்தால் புறா, ஆந்தை, ஆடும் கிளை, கோபுரத்துக் கொடி எல்லாமே அதை ஏமாற்றும். வெளிப்புறத்துக்கென்று செய்த சென்சார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களில் ஒரே நேரத்தில் அசைவு தெரிந்தால்தான் செயல்படும். சிறு பறவையால் அது முடியாது. எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் பொருத்துபவரின் திறமை தெரியும்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12 மாதத்தில் மூன்று முறை பொய்யாக அழைத்தால், அந்த அலாரத்துக்கு ஆள் அனுப்புவதைப் போலீஸ் நிறுத்திவிடலாம். எனவே கிளையை வெட்டுவதும், சென்சார் கண்ணாடியில் படிந்த எச்சத்தைத் துடைப்பதும், காலத்தில் பராமரிப்பதும் அலாரத்தின் விலையோடு சேர்ந்த வேலைகள்.

நம்பிக்கை 6: "பழைய கட்டடத்தில் துளை போட்டு ஒயர் இழுத்தால் கெட்டுவிடும்; அனுமதியும் கிடைக்காது."

உண்மை: இன்றைய கூரை அலாரங்களில் பெரும்பாலானவை பேட்டரியிலும் ரேடியோ அலையிலும் ஓடுபவை. நீளமாக ஒயர் இழுக்க வேண்டியதில்லை. கல்லைத் துளைக்காமல் கல்லிடைச் சாந்தில் திருகாணி போடலாம். பிறகு கழற்றினாலும் தழும்பு இராது. அனுமதி வாங்கத்தான் வேண்டும். பழைய தேவாலயத்தில் எதை மாற்றுவதானாலும் மறைமாவட்டத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. ஆனால் அது தடுக்க வந்த நடைமுறை இல்லை. எங்கே வைத்தால் கட்டடத்துக்குக் கேடு வராது என்று ஆலோசனை சொல்லும் வல்லுநர் குழுவும் அங்கேயே இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இடைக்காலத் தேவாலயங்கள் பலவற்றில் வௌவால்கள் குடியிருக்கின்றன. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கும் அவற்றின் இருப்பிடத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. அவை போகவர இருக்கும் இடுக்கை அடைத்தாலோ, அதன் வாயில் விளக்கைப் பொருத்தினாலோ சபையே சட்டத்தை மீறியதாகிவிடும். முதலில் வௌவால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சென்சார் எங்கே என்று முடிவெடுக்க வேண்டும்.

நம்பிக்கை 7: "தடயத் திரவம் பூசியாயிற்று, காப்பீடும் இருக்கிறது, அப்புறம் அலாரம் எதற்கு?"

உண்மை: ஸ்மார்ட்வாட்டர் போன்ற தடயத் திரவம் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் தனிக் குறியீடு கொண்டது. காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா விளக்கில் மின்னும். பிடிபட்ட தகடு எந்தத் தேவாலயத்துடையது என்று நிறுவ அது உதவும். திருடனின் உடையில் ஒட்டினாலும் சாட்சியாகும். ஆனால் தகடு கூரையை விட்டு இறங்குவதை அது தடுக்காது. அதன் தடுப்பு வலிமை முழுவதும் வாசலில் மாட்டும் அறிவிப்புப் பலகையில்தான் இருக்கிறது. பலகை செடிக்குள் மறைந்திருந்தால் பூசியதில் பாதிப் பயன் போயிற்று.

காப்பீட்டிலும் உலோகத் திருட்டுக்கென்று தனி நிபந்தனையும் தொகை வரம்பும் இருப்பது வழக்கம். திரவம் பூசி, பதிவு செய்து, பலகை மாட்டியிருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பத்திரத்தைத் திருட்டுக்குப் பிறகு முதல்முறையாகப் படிக்கும் சபைக்குத் துயரம் இரட்டிப்பாகும்.

நம்பிக்கை 8: "ஒருமுறை திருடிய இடத்துக்கு மறுபடி வரமாட்டார்கள்."

உண்மை: வருகிறார்கள். ஏறும் வழியும் இறக்கும் வழியும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. புதுத் தகடு விரித்தாயிற்று என்பதும் சாரத்தைப் பார்த்தாலே தெரியும். எனவே பழுது பார்க்கும் நாட்களில் சாரத்துக்கே தனி அலாரம் வைக்க வேண்டும். திருட்டுக்குள்ளான கூரைக்குக் காரீயத்துக்குப் பதிலாக டெர்ன் என்ற உலோகப் பூச்சிட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகடு போடவும் பல இடங்களில் அனுமதி தருகிறார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்துப்போகும். காயலான் கடையில் மதிப்பு மிகக் குறைவு. பழைய காரீயம் இன்னும் கூரையில் கிடக்கும் இடத்தில் அலாரம் முதல் தேவை.

என்ன செய்யலாம்?

சில ஆயிரம் பவுண்டு சேர்த்து அலாரம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. சுவரோரம் கிடக்கும் ஏணியையும் குப்பைத் தொட்டியையும் தண்ணீர்ப் பீப்பாயையும் அகற்றுங்கள்; திருடன் அவற்றின் மேல்தான் கால் வைப்பான். வண்டி நுழையும் வாயிலைப் பூட்டுங்கள். இருட்டியபின் கூரையில் வேலை நடக்காது என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவையுங்கள். வேலைக்காரர் உடுப்பில் யாராவது ஏறினால் அவர்கள் தயங்காமல் விசாரிப்பார்கள். மாதம் ஒருமுறை கூரையை மேலிருந்து பாருங்கள்; மழை வந்து சொல்லும்வரை இருக்க வேண்டாம்.

அலாரம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். கண்காணிப்பு மையத்திடம் கொடுத்த சாவிக்காரர் பட்டியலை எடுத்து வாருங்கள். நாலு பெயர் இருக்கும். அவர்களில் யார் ஊர் மாறிப்போனார், யாருடைய எண் மாறியது, யார் இரவில் கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குவார் என்று பாருங்கள். அந்த நாலு எண்ணுக்கும் இன்று இரவே அழைத்துப் பாருங்கள். எத்தனை பேர் எடுக்கிறார்களோ, உங்கள் கூரைக்கு அத்தனை பேர்தான் காவல்.