மார்ச் மாதப் பழுதுபார்ப்பும் வருமான வரியும்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், சிமெண்ட், பெயிண்ட் கடைகளில் நம் வியாபாரிகள் கூட்டம் கூடிவிடும். "31ஆம் தேதிக்குள் பில் போட்டால் வரி குறையும்" என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. அது எந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பார்ப்போம்.

வாடகைக்கு விட்ட கட்டடம்: மாதம் ரூ.10,000 வாடகை என்றால் ஆண்டுக்கு ரூ.1,20,000. நாம் கட்டிய சொத்து வரி ரூ.6,000 போக ரூ.1,14,000. இதில் 30 சதவீதம், அதாவது ரூ.34,200, சட்டமே கழித்துவிடுகிறது. மீதி ரூ.79,800 வருமானம். பழுதுபார்க்க ஒரு ரூபாயும் செலவழிக்காவிட்டாலும் இதே கணக்குதான். ஒரு லட்சம் செலவழித்தாலும் இதே கணக்குதான். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த 30 சதவீதம் அப்படியே இருக்கிறது.

ஆகவே பில் தேதியைப் பார்க்க வேண்டாம், மழையைப் பாருங்கள். ஐப்பசிக்கு முன் தளத்தைச் சரிசெய்வதே லாபம். தேதி பார்க்க வேண்டியது சொத்து வரிக்குத்தான். பாக்கியாக இருந்தாலும், எந்த ஆண்டில் கட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் கழிவு. மார்ச் 31க்குள், நாமே கட்டியிருக்க வேண்டும்.

நாம் வியாபாரம் செய்யும் கடை: இங்கே வெள்ளையடிப்பு, ஷட்டர் பழுது போன்ற சாதாரணப் பராமரிப்பு வியாபாரச் செலவாகும். வாடகைக் கடை என்றால், பழுதுச் செலவு நம் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருப்பது அவசியம். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு ஏற்கப்படாது, காசோலையாகக் கொடுங்கள்.

புதிய அலமாரி, குளிர்பெட்டி போன்றவை செலவல்ல, சொத்து. அவற்றுக்குத் தேய்மானம் மட்டுமே உண்டு. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானம்தான். மரச்சாமானுக்கு 10 சதவீதம் என்பது 5 ஆகிவிடும். எனவே வாங்குவதை மார்ச்சுக்குத் தள்ளாமல், அக்டோபர் 3க்குள் கடையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பில் மட்டும் போட்டு வைத்தால் போதாது.

விற்பனையில் 8 அல்லது 6 சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரிகளுக்கு இச்செலவுகள் எதுவும் தனியாகக் கழியாது. அவர்களும் மார்ச்சில் அவசரப்பட வேண்டியதில்லை.

கையிருப்புப் பணத்தைச் சிமெண்டில் முடக்குமுன், நம் கட்டடம் இவற்றில் எந்த வகை என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.